அம்பாசிடர் என்று சொன்னால் போதாது

உதிரிப் பாகங்கள் விற்கும் கடையின் முன் நின்று, "அம்பாசிடருக்கு ஒரு வாட்டர் பம்ப் வேண்டும்" என்று கேட்கிறவரிடம், அந்தக் கடையில் பல வருஷங்களாக உட்கார்ந்திருக்கும் பெரியவர் உடனே ஒன்றை எடுத்து நீட்டிவிடுவதில்லை. "என்ன வருஷம் சார்? பெட்ரோலா, டீசலா? பழைய இன்ஜினா, இசுஸுவா?" என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, எல்லாவற்றிற்கும் பதில் கிடைத்த பிறகும் திருப்தி அடையாதவராய், "எதுக்கும் பழசைக் கழட்டி சாம்பிள் கொண்டாந்துடுங்க" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். வந்தவருக்கு இது வியாபாரத்தில் அக்கறையின்மையாகத் தோன்றக்கூடும். உண்மையில் அந்தப் பெரியவர் வாடிக்கைக்காரருடைய வீண் அலைச்சலையும், தமது கடைக்குத் திரும்பி வரப்போகும் ஒரு பொருந்தாத பம்பையும் ஒரே வாக்கியத்தில் தடுத்துவிடுகிறார்.

அவருடைய சந்தேகத்திற்குப் போதிய காரணம் உண்டு. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை மாதிரியாகக் கொண்டு, கல்கத்தாவுக்கு அருகில் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தார் 1957 இல் தயாரிக்கத் தொடங்கிய அம்பாசிடர், 2014 மே மாதத்தில் அந்த ஆலை நின்றுபோகும் வரையில், தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு ஏறக்குறைய ஒரே உருவத்தோடுதான் இருந்தது. ஆனால் வெளித் தோற்றத்தில் மாறாத அந்த வாகனம் உள்ளே பல முறை மாறியிருக்கிறது. ஆரம்பத்தில் வால்வுகள் பக்கவாட்டில் அமைந்த 1476 சி.சி. யந்திரம் இருந்தது, சிறிது காலத்திற்குள் வால்வுகள் மேலே அமைந்த 1489 சி.சி. யந்திரம் அதன் இடத்திற்கு வந்து பல்லாண்டு நிலைத்தது. எழுபதுகளின் இறுதியை ஒட்டி டீசல் சேர்ந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஜப்பானிய இசுஸு நிறுவனத்தின் 1.8 லிட்டர் பெட்ரோல் யந்திரமும், அதனோடு ஸ்டியரிங் தண்டிலிருந்து தரைக்கு இறங்கிய ஐந்து கியர்களும் வந்தன. பிற்கால வண்டிகள் சிலவற்றில் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் வந்தது. முகச்சாயல் ஒன்றாகவும் சுபாவம் வேறுவேறாகவும் உள்ள சகோதரர்களைப் போல இவை அத்தனையும் அம்பாசிடர் என்ற ஒரே பெயரைச் சுமந்து நிற்கையில், பெயரை மட்டும் சொல்லிப் பாகம் கேட்பது பிரயோஜனமற்ற காரியம்.

இது தொழிற்சாலை செய்த மாற்றம். சொந்தக்காரர்கள் செய்த மாற்றங்களின் கதை இதைவிடச் சிக்கலானது. பெட்ரோல் விலைக்குப் பயந்து மாட்டடார் வேனின் டீசல் யந்திரத்தைப் பொருத்திக்கொண்டவர்கள் உண்டு. டைனமோவைக் கழற்றிவிட்டு ஏதோ ஒரு மாருதியின் ஆல்டர்னேட்டரை மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. கார்புரேட்டர் மாற்றியவர்கள், ஸ்டியரிங் பாக்ஸ் மாற்றியவர்கள், பின் ஆக்ஸிலையே வேறு வண்டியிலிருந்து கொண்டுவந்தவர்கள் என்று அந்த வம்சாவளி நீளும். ஐந்தாறு கைகள் மாறி வந்த வண்டியில், ஆர்.சி. புத்தகம் சொல்லும் வருஷம் வெளிக்கூட்டின் வருஷமே தவிர, உள்ளே இருக்கும் ஒவ்வொரு சாமானின் வருஷமும் ஆகாது. ஐம்பதுகளின் பிரிட்டிஷ் கார்களில் பெரும்பாலும் பாட்டரியின் நேர்முனைதான் வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். பிற்காலத்து ஆல்டர்னேட்டர்களோ எதிர்முனை உடலோடு சேர்ந்திருக்க வேண்டும் என்ற ஏற்பாட்டில் செய்யப்பட்டவை. இந்த விவரத்தை விசாரியாமல் புதிய ஆல்டர்னேட்டரை வாங்கி மாட்டினால், அதனுள் இருக்கும் டயோடுகள் கண நேரத்தில் கருகிப்போகும். குற்றம் விற்றவர் மேல் விழும்.

ஆகவே பாகம் தேடப் புறப்படுவதற்கு முன், நம்மிடம் இருப்பது எந்த வண்டி என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் அதற்கு முதற்படி, அவற்றை ஆர்.சி. புத்தகத்தில் பார்ப்பதோடு நிற்காமல், உலோகத்தில் பொறித்திருப்பதை எண்ணெய்ப் பிசுக்கு துடைத்து நேரிலேயே படித்துக்கொள்வது உத்தமம். அடுத்தது, அந்தக் காலத்தில் நிறுவனத்தார் விநியோகஸ்தர்களுக்காக அச்சிட்ட பாகப் பட்டியல் புத்தகம். ஒரு கியர் பாக்ஸைப் பிரித்து அதன் அங்கங்களை எல்லாம் ஆகாயத்தில் வரிசையாக நிறுத்தியதுபோல் படம் வரைந்து, ஒவ்வொரு வாஷருக்கும் ஒரு எண் கொடுத்திருக்கும் இப்புத்தகங்கள் பழைய புத்தகக் கடைகளிலும் வயதான மெக்கானிக்குகளின் பெட்டிகளிலும் இன்னும் அகப்படுகின்றன. அதில் உள்ள பார்ட் நம்பரே அந்தச் சாமானின் உண்மையான பெயர். நிறுவனம் ஒரு பாகத்தைத் திருத்தி அமைத்தால் பழைய எண்ணை ரத்து செய்து புதிய எண் கொடுப்பது வழக்கம் ஆதலால், இந்த எண்ணுக்குப் பதிலாகப் பின்னாளில் வந்த எண் எது என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த இரண்டு எண்களும் கையில் இருப்பவர் கடைக்காரரோடு பேசுகிற பேச்சே வேறாக இருக்கும்.

எந்தக் காருக்கும் சொந்தமில்லாத பாகங்கள் ஒரு காரினுள் எத்தனை இருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. பேரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பக்கவாட்டில் 6205 என்று பொறித்திருந்தால், அது அம்பாசிடரில் இருந்தாலும் சரி, மாவு மில்லின் மோட்டாரில் இருந்தாலும் சரி, உள்விட்டம் 25 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 52, அகலம் 15 என்பது உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட விஷயம். இவ்வகைப் பேரிங்குகளில் கடைசி இரண்டு இலக்கங்கள் 04 அல்லது அதற்கு மேற்பட்டவையாக இருந்தால், அவற்றை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் மில்லிமீட்டரில் வந்துவிடும். அதனால்தான் 6204 என்பதன் துளை 20 மில்லிமீட்டர். "இந்த வண்டிக்குப் பேரிங் வர்றதே நின்னுபோச்சு" என்று ஒரு கார் சாமான் கடைக்காரர் கைவிரிக்கும்போது, அதே பேரிங் பக்கத்துத் தெருவில் பம்புசெட் சாமான் விற்பவரிடம் இருந்துகொண்டிருக்கும். ஆயில் சீலும் இப்படித்தான்: தண்டின் விட்டம், உறையின் விட்டம், கனம் ஆகிய மூன்று அளவுகள் ஒத்தால் போதும்; உதடு எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறது, அது எந்த ரப்பரால் ஆனது என்ற இரண்டையும் பார்த்துக்கொண்டால் வண்டியின் பெயரைச் சொல்லவே வேண்டியதில்லை. ஃபேன் பெல்ட்டுக்கு நீளமும் அகலமும். ஒரு வெர்னியர் அளவுகோல் வாங்கி வைத்துக்கொண்டு அதைப் படிக்கப் பழகுவதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். பழைய கார் வைத்திருப்பவருக்கு அதைவிட லாபகரமான மாலைப்பொழுது வேறில்லை என்பேன்.

அளவு என்று வரும்போது அங்குலமா மில்லிமீட்டரா என்ற பிரச்னை குறுக்கே நிற்கும். மாரிஸ் வழிவந்த அம்பாசிடரின் பழைய யந்திரம் அங்குலக் கணக்கில் பிறந்தது; ஃபியட் வழிவந்த பிரீமியர் பத்மினியோ முழுக்க மில்லிமீட்டர். ஒன்றின் போல்ட்டை மற்றொன்றின் நட்டில் வைத்தால் முதல் இரண்டு சுற்று சாதுவாக ஏறும். மூன்றாவது சுற்றில் இறுகும். ஸ்பானரால் பலம் கொடுத்து முறுக்குகிற உற்சாகசாலி இரண்டு மரைகளையும் ஒரே சமயத்தில் அழித்துவிடுவார். இன்னும் பழைய மாரிஸ் யந்திரங்கள் சிலவற்றில் போல்ட்டின் மரை மெட்ரிக்காகவும், அதன் தலை பிரிட்டிஷ் விட்வொர்த் ஸ்பானர் அளவாகவும் இருக்கும். பிரெஞ்சு நிறுவனமான ஹாட்ச்கிஸ், இங்கிலாந்தில் தனக்கிருந்த யந்திரசாலையை மாரிஸுக்கு விற்றபோது, அதிலிருந்த பிரெஞ்சு மரை வெட்டும் கருவிகளும் சேர்ந்து வந்துவிட்டதால் நேர்ந்த விசித்திரம் அது. இதெல்லாம் தெரியாமல் ஹார்ட்வேர் கடைக்குப் போகிறவர் வேதனைப்படுவதில் ஆச்சரியமில்லை.

யந்திரத்தைப் பிரித்து வேலை செய்யும்போது இந்த அளவுச் சோதனை இன்னும் நுட்பமாகிறது. 1489 சி.சி. யந்திரத்தின் சிலிண்டர் பிறக்கும்போது 73.025 மில்லிமீட்டர் விட்டமுடையது, அதாவது இரண்டேமுக்கால் அங்குலமும் எட்டில் ஒரு பங்கும். தேய்ந்த சிலிண்டரைப் போரிங் போட்டு அகலமாக்கும்போது அதற்குத் தக்க பெரிய பிஸ்டன் வேண்டும்; அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து, இருபது, முப்பது, நாற்பது என்று படிப்படியாக ஓவர்சைஸ் பிஸ்டன்கள் வரும். பட்டறைகளில் இவற்றைப் பத்து தௌ, இருபது தௌ என்பார்கள். உங்களுக்கு முன் வண்டியை வைத்திருந்தவர் முன்பே முப்பது தௌ போட்டிருக்கலாம். ஆகையால் பிஸ்டன் செட்டு மலிவாகக் கிடைக்கிறதே என்று முன்கூட்டி வாங்கி வைப்பது அவசர புத்தி. முதலில் லேத்துப் பட்டறையில் சிலிண்டரை அளந்து எந்த அளவுக்குப் போக வேண்டும் என்று தீர்மானிப்பது. பிறகு அந்த அளவில் பிஸ்டன் வாங்குவது. பிறகு அந்தப் பிஸ்டனையே கையில் கொடுத்து, அதற்கு ஏற்பப் போரிங் போடச் சொல்வது. கிராங்க் ஷாஃப்டைக் கடைந்து சிறிதாக்கிய பின் போடும் அண்டர்சைஸ் பேரிங்குகளுக்கும் இதே கிரமந்தான்.

சென்னைவாசிகள் இந்த விஷயத்தில் அதிர்ஷ்டசாலிகள். கார் தயாரித்த ஆலை மூடப்பட்டாலும், அதற்குப் பாகம் செய்துகொடுத்த ஆலைகள் பல நம் ஊரிலேயே இருந்தன, இன்னும் இருக்கின்றன. 1949 இல் செம்பியத்தில் தோன்றிய இந்தியா பிஸ்டன்ஸ், வால்வுகளும் பிரேக் லைனிங்குகளும் செய்த ரானே குழுமம், பாடியில் 1961 இல் மின்சாதனங்களுக்காக ஏற்பட்ட லூகாஸ்-டி.வி.எஸ்., அதற்கு அடுத்த வருஷம் தோன்றிய பிரேக்ஸ் இந்தியா ஆகியவற்றின் பெயர்கள் பழைய காரின் பானெட்டைத் திறந்தால் ஏதாவது ஒரு மூலையில் தென்படும். கார் நிறுவனத்தின் முத்திரை போட்ட பெட்டியில் வருவதும், பாகத்தைச் செய்த ஆலையின் சொந்தப் பெட்டியில் வருவதும் பல சந்தர்ப்பங்களில் ஒரே பட்டறையில் பிறந்தவை; விலைதான் வேறு. ஆதலால் அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் தேடும்போது காரின் பெயரைக் கேட்பதைவிட, அந்தப் பாகத்தை ஆதியில் செய்தவர் யார் என்று கேட்பது பலன் தரும். கள்ளச் சரக்கு இங்கேயும் உண்டு. பெட்டியின் அச்சு எவ்வளவு அழகாக இருந்தாலும், உள்ளே உள்ள வார்ப்பின் ஓரங்கள் கரடுமுரடாகவும் பொறித்த எண் மங்கலாகவும் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். கடைக்காரர் பில் கொடுக்கத் தயங்கினால் சந்தேகத்திற்கே இடமில்லை.

புதியது கிடைக்காதபோது புதுப்பேட்டைக்குப் போகிறோம். ஆயுள் முடிந்த வண்டிகளைப் பிரித்து, கதவு ஒரு கடையிலும் விளக்கு ஒரு கடையிலும் செல்ஃப் மோட்டார் வேறொரு கடையிலுமாகப் பிரித்து அடுக்கி வைத்திருக்கும் அந்தத் தெருக்களைக் காயலான் கடை என்று இளப்பமாகப் பேசுகிறவர்கள், ஒரு தடவை ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் கதவுக் கைப்பிடியைத் தேடிப் பார்த்தால் பேச்சை மாற்றிக்கொள்வார்கள். கல்கத்தாவுக்கு மல்லிக் பஜார், பம்பாய்க்குக் குர்லா, டில்லிக்குக் காஷ்மீரி கேட் என்று பெரிய நகரங்கள் ஒவ்வொன்றிற்கும் இப்படி ஒரு சந்தை உண்டு. இந்தச் சந்தைகளில் பழைய பாகம் இவ்வளவு காலம் கிடைத்துவந்ததற்குக் காரணம் பழமையில் பற்றுள்ள ரசிகர்கள் அல்லர், டாக்ஸிக்காரர்கள். கல்கத்தாவின் மஞ்சள் அம்பாசிடர்களும் பம்பாயின் கறுப்பு மஞ்சள் பத்மினிகளும் தினந்தோறும் ஓடித் தேய்ந்து சாமான் வாங்கியதால்தான் சிறு பட்டறைகள் அவற்றைச் செய்துகொண்டிருந்தன. பம்பாயின் கடைசிப் பத்மினி டாக்ஸி 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றுவிட்டது. இனி அந்தக் கடைகளில் இருப்பது கரைந்துபோகும் சரக்கு. தேவை என்று தெரிந்ததைத் தள்ளிப்போடாமல் வாங்கி வைப்பதே விவேகம்.

ஆனால் எதைப் பழையதாக வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்பதில் நான் கடுமையான கொள்கையுடையவன். கதவு, பம்பர், விளக்குக் கூடு, மீட்டர், இருக்கைச் சட்டம், டிஃப்ரன்ஷியல் உறை முதலியவற்றைத் தாராளமாக வாங்கலாம். பிரேக்கின் ரப்பர்கள், பிரேக் ஹோஸ், பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட் ஆகியவற்றைக் கழற்றின வண்டியிலிருந்து வாங்குவது, நாலு ரூபாய் மிச்சம் பிடிக்க உயிரை அடகு வைப்பதற்குச் சமானம். "பெட்டி பிரிக்காத பழைய ஸ்டாக் சார், இங்கிலாந்து சரக்கு" என்று பெருமையோடு காட்டப்படும் சாமான்களிலும் எச்சரிக்கை வேண்டும். உலோகப் பாகமானால் எண்ணெய்த் தாளில் சுற்றியபடி நாற்பது வருஷம் கிடந்தாலும் கெடாது. ரப்பரோ பெட்டிக்குள் இருந்தபடியே இறுகி வெடித்துப்போகும். டிஸ்ட்ரிபியூட்டரின் கண்டன்சரும் அப்படியே. பெயர்பெற்ற கம்பெனியின் பழங்காலக் கண்டன்சரைவிட, நேற்றுச் செய்த சாதாரணக் கண்டன்சர் நம்பத் தகுந்தது.

பிரேக் ரப்பர்களைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. அவை டாட் 3, டாட் 4 என்று குறியிட்ட கிளைக்கால் வகைத் திரவத்தில் ஊறுவதற்காகச் செய்யப்பட்டவை. மாஸ்டர் சிலிண்டரில் திரவம் குறைந்திருப்பதைக் கண்டு வழியில் யாரேனும் கொஞ்சம் இன்ஜின் ஆயிலை ஊற்றிவிட்டால், அடுத்த சில நாட்களில் ரப்பர்கள் எல்லாம் பருத்து, பிரேக் பிடித்தால் விடாத நிலை ஏற்படும். அதன் பிறகு ஒரு வீல் சிலிண்டருக்கு மட்டும் கிட் வாங்கிப் பயனில்லை. எண்ணெய் பட்ட ரப்பர் அனைத்தையும் மாற்ற வேண்டும். பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கும் என்பதால், டிரம்மைக் கழற்றியவுடன் காற்றடித்துத் தூசியைப் பறக்கவிடும் வழக்கத்தை நம் பட்டறைகள் விட்டொழிக்க வேண்டும். ஈரத் துணியால் துடைத்தெடுப்பதே ஆரோக்கியத்திற்கு நல்லது.

பட்டியல் புத்தகத்தில் எழுதியிருப்பதை அப்படியே பின்பற்றினாலும் தவறாகப் போகிற இடம் ஒன்று சமீபத்தில் ஏற்பட்டிருக்கிறது. 2023 முதல் படிப்படியாக நம் பெட்ரோல் பங்க்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. சுத்த பெட்ரோலை எதிர்பார்த்துச் செய்யப்பட்ட பழைய ரப்பர்க் குழாய்களும், பெட்ரோல் பம்பின் டயஃப்ரமும், கார்க்கில் செய்த கேஸ்கெட்டுகளும் எத்தனாலில் ஊறி வீங்கியோ இளகியோ கசியத் தொடங்கும். எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்வதால் டாங்கின் உட்புறத்தில் துருவும் ஏறும். இந்த இடத்தில் அசல் சாமானே வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பது அபாயகரமானது. எத்தனால் தாங்கக்கூடிய வைட்டான் போன்ற ரப்பரில் செய்த குழாயையும் டயஃப்ரத்தையும் கேட்டு வாங்க வேண்டும். சூடான யந்திரத்தின் மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

நம் ஊரில் கிடைக்காத பாகம் வண்டி பிறந்த தேசத்தில் இன்றும் கிடைப்பதுண்டு. அம்பாசிடரின் 1489 சி.சி. யந்திரத்தின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் எம்.ஜி.ஏ. என்ற புகழ்பெற்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் முதல் யந்திரமும். அந்தக் காருக்கு இங்கிலாந்தில் பக்தர்கள் அதிகம் ஆதலால், கேஸ்கெட், வால்வு போன்றவற்றை இன்னும் புதிதாகச் செய்கிறார்கள். சென்னைக்கு அடுத்த வண்டலூர்ப் பக்கத்தில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கும், அதன் மூலமான ட்ரையம்ப் ஹெரால்டின் புண்ணியத்தால் யந்திரப் பாகங்களுக்குப் பஞ்சமில்லை. அதன் முன் சக்கரங்களைத் தாங்கும் ட்ரனியன் என்ற பித்தளைப் பாகம் இடத்துக்கு ஒன்று, வலத்துக்கு ஒன்று. இரண்டின் மரைகளும் எதிரெதிர்த் திசையில் வெட்டப்பட்டவை. வாங்கும்போது பக்கத்தைச் சொல்லி வாங்க வேண்டும். மாட்டியபின் கிரீஸ் அடிக்காமல் கியர் ஆயில் கொடுக்க வேண்டும். இத்தனையும் இங்கிலாந்திலிருந்து வரும். ஆனால் பின்னாளில் வண்டலூரில் செய்த நாலு கதவு ஹெரால்டின் பின்கதவோ, அதன் கண்ணாடியோ இங்கிலாந்தில் கிடைக்காது. ஏனெனில் அங்கே அந்தக் காருக்கு இரண்டே கதவுகள். அதற்கு மறுபடியும் புதுப்பேட்டைதான் கதி.

சட்டத்தையும் மறந்துவிடலாகாது. யந்திரத்தின் பிளாக்கை மாற்றினால் இன்ஜின் எண் மாறுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவின்படி அதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பில் இல்லாமல் வாங்கிய பிளாக் திருட்டு வண்டியின் பிளாக்காக இருந்துவிட்டால் வரக்கூடிய தொல்லை கொஞ்சமல்ல. ஐம்பது வருஷத்திற்கு மேற்பட்ட வண்டிகளை விண்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்யும் விதிகள் 2021 இல் வந்திருக்கின்றன. சேசிஸ், வெளிக்கூடு, யந்திரம் இவற்றில் பெரிய மாறுதல் செய்யாமல் மூல உருவில் காப்பாற்றப்பட்ட வண்டிக்கே அந்தக் கௌரவம் உண்டு. மாட்டடார் யந்திரம் போட்ட அம்பாசிடர் எவ்வளவு சுகமாக ஓடினாலும் அந்தப் பட்டியலில் இடம் பெறுவது சந்தேகமே.

எங்கும் கிடைக்காத பாகத்திற்குக் கடைசிப் புகலிடம் லேத்துப் பட்டறை. புஷ், பின், ஷாஃப்ட், சிறிய கியர் முதலியவற்றை மாதிரி கொடுத்தால் செய்து தருவார்கள். தேய்ந்துபோன சாம்பிளின் அளவை அப்படியே எடுத்தால் புதிதாகச் செய்ததும் தேய்ந்த அளவிலேயே பிறக்கும் ஆதலால், தேயாத பகுதியை அளந்து, முடிந்தால் அதோடு சேர்ந்து இயங்கும் மற்றப் பாகத்தையும் கொடுத்துவிட வேண்டும். எந்த உலோகம் என்பதையும் சொல்ல வேண்டும். பாஸ்பர் பிரான்ஸ் இருந்த இடத்தில் சாதாரணப் பித்தளையைக் கடைந்து கொடுத்தால் ஆறு மாதம் தாங்குவது கடினம். கடைந்த பிறகு சூடுகாட்டிக் கடினப்படுத்த வேண்டிய பாகமானால் அதையும் முன்னதாகவே பேசி முடித்துக்கொள்வது நல்லது. கூலியில் பெரும்பகுதி அளவெடுத்து யந்திரத்தில் பொருத்தி நேராக்குவதற்கே போய்விடுகிறது. ஆகையால் ஒன்று செய்யச் சொல்கிற இடத்தில் இரண்டாகச் செய்து வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டாவதற்கு அவர்கள் அதிகம் கேட்பதில்லை.